உட்காரத் தெரியாதவன்

சோலைமுத்துவுக்குப் போலீஸைக் கண்டால் உட்காரத் தெரியாது.

உசிலம்பட்டிப் பக்கம் லாரி ஓட்டிய ஆள். தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தால் போதும், மடித்துக் கட்டிய கைலி கீழே இறங்கிவிடும், தலைத்துண்டு கக்கத்துக்குப் போய்விடும், வண்டி முழுசாக நிற்பதற்குள் ஆள் தரையில் நிற்பான். ஆர்.சி. புக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போலீஸ்காரர் நிற்கிற இடத்துக்கே ஓடுவான். போலீஸ்காரரை வண்டி வரைக்கும் நடக்கவிட்டால் அது அங்கே பெரிய குற்றம். லாரிக்குப் புதுசில் ஒருநாள், நல்ல மழை, இறங்காமல் ஜன்னல் வழியாகக் காகிதத்தை நீட்டிவிட்டான். "தொரை எறங்க மாட்டீகளோ?" என்று சட்டையைப் பிடித்து இழுத்து ஒருத்தர் விட்ட அறையில் இடது காது பல நாளைக்கு இரைந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் அவன் மறந்தாலும் அவன் கால்கள் மறக்கவில்லை.

அந்தக் கால்களோடுதான் அவன் குவைத்துக்கு வந்து சேர்ந்தான்.

வீட்டு டிரைவர் வேலை. அதே வீட்டில் சமையலுக்கு அவன் பெண்டாட்டி பானுமதியும் வந்தாள். புருசனும் பெண்டாட்டியும் ஒரே கபீலிடம், அதாவது விசா கொடுக்கிற ஒரே முதலாளியிடம், வேலைக்கு வருவதெல்லாம் லேசில் நடக்கிற காரியமா? ஃபர்வானியாவில் அடுக்குக் கட்டிலில் மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு கிடக்கிற நம்ம ஆட்கள் இவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். "குடுத்து வச்ச ஆளுய்யா நீ. பாலைவனத்துல வந்தும் பொண்டாட்டி கையால சோறு திங்கிற." வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி அவர்களுக்கு ஓர் அறை. கட்டில் ஒன்று, ஸ்டவ் ஒன்று, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய முருகன் படம் ஒன்று. பிள்ளைகள் ஊரில் பானுமதியின் அக்கா வீட்டில் வளர்ந்தார்கள்.

வீட்டுக்காரர் அபூ சாலிம். வேலைக்காரர்களுக்கு அவர் பாபா. அவர் மனைவி மாமா. இதில் பானுமதிக்கு ஒரு தொந்தரவு வந்தது. அவள் புருசனை மாமா என்று கூப்பிட்டுப் பழகியவள். வந்த புதுசில் பின்கட்டிலிருந்து "மாமோவ்!" என்று குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மா "என்ன?" என்று எட்டிப் பார்த்தாள். வெட்கமாகப் போய்விட்டது. அன்றோடு புருசன் "ஏய்யா" ஆகிவிட்டான்.

பாபா வயசானவர், தங்கமான மனுசர், சும்மா சொல்லக்கூடாது. இரண்டே ஆசை அவருக்கு. ஒன்று, குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு கிடப்பது. இன்னொன்று, பறவை சுடுவது. அதற்கு ஒரு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தார். அரசாங்கத்தில் முறையாக லைசென்ஸ் வாங்கியது. அந்த அட்டையை எப்போதும் சட்டையின் உள்பையில் நெஞ்சோடு வைத்திருப்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. காலையில் ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் வேர்க்கும், நாக்குக் குழறும். அப்போது ஒரு பேரீச்சம்பழமோ கொஞ்சம் ஜூஸோ வாயில் போனால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். வீட்டில் அதை முதலில் கண்டுபிடிக்கிறவள் பானுமதிதான். மாமாவே சொல்லுவாள், "பானு கண்ணுக்குத் தப்பி பாபாவுக்கு ஒரு வேர்வை வராது" என்று.

அந்தக் குளிர்காலத்தில் நாடு சரியில்லை. அங்கங்கே துப்பாக்கிச் சண்டை, போலீஸ்காரர்களும் செத்தார்கள் என்று பேச்சு. நெடுஞ்சாலைகளில் திடீர் திடீரென்று போலீஸ் வண்டியைக் குறுக்கே போட்டுச் சோதனை. கூடாரத்துக்குக் கிளம்ப இன்னும் சில வாரம் இருக்கும்போது ஒருநாள் பாபா சோலைமுத்துவை ஜீப்பில் உட்காரவைத்து, தான் போலீஸ்காரர் மாதிரி வெளியே நின்றுகொண்டு, அரபியும் இந்தியும் கலந்த பாஷையில் பாடம் நடத்தினார். துணி உலர்த்திக்கொண்டிருந்த பானுமதி ஒன்று விடாமல் கேட்டாள். போலீஸ் நிறுத்தினால் ஓரமாக நிறுத்து. உள்விளக்கைப் போடு. கண்ணாடியை இறக்கு. இரண்டு கையும் ஸ்டீயரிங்கின் மேல் தெரியவேண்டும். துப்பாக்கி இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது, லைசென்ஸ் பாபாவிடம் இருக்கிறது என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல். குனியாதே, எதையும் எடுக்காதே, அவர்கள் சொன்ன பிறகு சொன்னதை மட்டும் செய். "முக்கியமா, முத்து, இறங்காதே. நீ இறங்கி அவங்களை நோக்கி ஓடினா சுடுவாங்க."

"அச்சா பாபா," என்றான் சோலைமுத்து. சொன்ன கையோடு கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

பாபா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே பானுமதி அறையில் ஒத்திகையை ஆரம்பித்துவிட்டாள். எவர்சில்வர் தட்டுதான் ஸ்டீயரிங். கட்டில் விளிம்புதான் டிரைவர் சீட்டு. அவள் போலீஸ். கையில் கரண்டி.

"வர்றேன் பாரு. லைட்டப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"கண்ணாடி?"

"எறக்கியாச்சு. ஏத்தா, இதெல்லாம் ஒரு கூத்துன்னு..."

"பேசாத. கை தட்டு மேல இருக்கணும். இந்தா வந்துட்டேன். சலாம் அலைக்கும்!"

சோலைமுத்து விருட்டென்று எழுந்தான். தட்டு தரையில் விழுந்து உருண்டு அலமாரிக்கு அடியில் போனது.

"உன்னைய என்ன செய்யட்டும் நான்?" என்று கரண்டியை ஓங்கினாள். "சலாம்னு சொன்னதுக்கே எந்திரிக்கிற. நெசப் போலீசு வந்தா என்ன பண்ணுவ?"

"வயசான ஆளோ வாலிபனோ, போலீசு நின்னுக்கிட்டு இருக்கான், நான் கால நீட்டி உக்காந்திருந்தா என்ன நெனப்பான்? திமிருன்னு நெனைக்க மாட்டானா?"

"இங்க உக்காந்தாத்தான்யா மருவாத. எறங்குனாத்தான் திமிரு. ஊரு வேற, சட்டம் வேற. உனக்கு எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்றது?"

"மண்டைக்குத் தெரியுது பானு. காலு கேக்க மாட்டேங்குதே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மடியில் தட்டை வைத்து, இரண்டு கையையும் எடுத்து விளிம்பில் பொருத்தி, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "இப்ப எந்திரி பாப்போம்," என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. "இப்புடிப் புடிச்சுக்கிட்டா எவன் எந்திரிப்பான்?" என்று அவளைப் பார்த்தான். ஒத்திகை அன்றைக்கு அதோடு நின்றது. ஆனால் மறுநாள் மறுபடி நடந்தது. அதற்கு மறுநாளும். சோறு வடிக்கும்போது, தேங்காய் துருவும்போது, எங்கேயிருந்தாவது திடீரென்று "சலாம் அலைக்கும்!" என்று கத்துவாள். அவன் பாதி எழுந்து, ஞாபகம் வந்து, உட்காருவான்.

வெள்ளிக்கிழமை ஃபர்வானியாவில் கீழக்கரைக்காரர் செய்கு முகம்மதுவின் மளிகைக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனபோது இதைச் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்கிற காரியமில்ல தங்கச்சி. போன வாரம் ஒரு பட்டான் டிரைவரை மடக்கியிருக்காங்க. அவன் பத்தாக்கா, அதான் அடையாள அட்டை, எடுக்கன்னு டேஷ்போர்டுல கை விட்டிருக்கான். அவ்வளவுதான். கண்ணாடிய ஒடச்சு வெளிய இழுத்துப் போட்டுட்டாங்க. பல்லு போச்சு. உசுரு இருந்ததே அல்லாட கிருபை. வேற எதுவும் இல்லாதவனுக்கே அந்தக் கதி. உங்க வண்டியில துப்பாக்கி வேற இருக்கு."

"லைசென்ஸ் இருக்குண்ணே. பாபா கூடவே வர்றாரு."

"லைசென்ஸு பைக்குள்ள இருக்கு. துப்பாக்கி வண்டிக்குள்ள இருக்கு. பயம் போலீஸ்காரன் நெஞ்சுக்குள்ள இருக்கு. அவனும் சின்னப் பயதான, பெத்தவ வீட்டுல காத்திருப்பா. அவன் எதைப் பாத்து மொதல்ல பயப்படுவான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மச்சான்ட்ட சொல்லுங்க, கல்லு மாதிரி உக்காரச் சொல்லுங்க. எது நடந்தாலும் அசையக் கூடாது."

எது நடந்தாலும் அசையக் கூடாது. இதை அவள் மனசில் முடிந்துகொண்டாள்.

பானுமதிக்குச் சிரிப்பு அன்றோடு போயிற்று. அதற்கப்புறம் ஒத்திகையில் கரண்டி இல்லை, விளையாட்டு இல்லை. அவன் எழுந்தால் அழுதாள். "நீ இல்லாமப் போனா எனக்கு யாருய்யா இருக்கா இந்த மண்ணுல? மொழி தெரியுமா, வழி தெரியுமா? பெட்டிக்குள்ள வச்சு அனுப்புவாய்ங்க, நான் பக்கத்துல ஒக்காந்து வரணுமா?" அவள் அழுவதைப் பார்த்த பிறகுதான் அவன் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின.

கூடாரத்தில் வேலை கடுமை. குளிர் எலும்பைப் பிடிக்கும். விடியும்போது கூடாரத் துணியில் பனி சொட்டிக்கொண்டிருக்கும். பானுமதி விறகு மூட்டி, பெரிய தேக்சாவில் ஆட்டுக்கறியும் அரிசியும் ஏற்றுவாள். எதைத் தின்றாலும் பல்லில் மணல் நெறுநெறுக்கும். சோலைமுத்து முளை அடிப்பான், கயிறு இழுப்பான், தண்ணீர் கொண்டுவருவான், பாபா சுட்டுக்கொண்டு வருகிற பறவையை உரித்துக் கொடுப்பான். சாயங்காலம் பாபா துப்பாக்கியைத் துடைத்துத் தோட்டாவை வேறாகப் பெட்டியில் போட்டு, நீள உறைக்குள் துப்பாக்கியை வைத்து, ஜீப்பின் பின்பக்கச் சாமான் வைக்கிற இடத்தில் கிடத்துவார். அது அவர் கையாலேயே செய்கிற வேலை.

ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது மடக்கினார்கள். பாபா முன் சீட்டில், பானுமதி பின்னால். சோலைமுத்து ஓரம் கட்டினான். விளக்கைப் போட்டான். கண்ணாடியை இறக்கினான். கை ஸ்டீயரிங்குக்குப் போனது. பானுமதி மூச்சை அடக்கிக்கொண்டு அவன் முழங்காலையே பார்த்தாள். தொடை தடதடவென்று ஆடியது. ஆனால் எழவில்லை. "துப்பாக்கி இருக்கு, பின்னாடி இருக்கு, பாபாகிட்ட லைசென்ஸ்," என்று மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் அரபியில் ஒப்பித்தான். போலீஸ்காரர் பாபாவிடம் நலம் விசாரித்து, அட்டையைப் பார்த்து, பின்கதவைத் திறந்து உறையைத் தொட்டுப் பார்த்து, மூடிவிட்டு, "நல்ல டிரைவர்" என்று பாபாவிடம் சொல்லிப் போனார்.

பாபா அவன் முதுகில் தட்டினார். "யல்லா முத்து!"

வண்டி நகரவில்லை. அவனுக்கு ஸ்டீயரிங்கிலிருந்து கையைப் பிரிக்க வரவில்லை. பாபா ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பு வீடு வந்து சேரும் வரைக்கும் ஓயவில்லை. அன்றைக்குப் பானுமதி ரவா கேசரி கிண்டினாள். "உக்காந்தேனா இல்லையா? சொல்லு, உக்காந்தேனா இல்லையா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கண்பட்டுவிடும் என்று அவளுக்கு அப்போதே தோன்றியது.

கூடாரக் காலம் முடிகிற நாளில் மழை பிடித்துக்கொண்டது. பாபாவின் மகன் சாலிம் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மத்தியானமே போய்விட்டான். பாபாவுக்குக் கடைசியாக ஒருமுறை மணலில் நடந்துவிட்டு வரவேண்டும். காலையில் ஊசி போட்டுக்கொண்டவர் சரியாகச் சாப்பிடவில்லை. பானுமதி தட்டோடு பின்னாலேயே போனாள்.

"பாபா, ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"வீட்டுக்குப் போய், பானு. வீட்டுக்குப் போய்."

கூடாரத்தைப் பிரித்து ஏற்றுவதற்குள் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. நனைந்த துணி என்ன கனம் கனக்கிறது! பின்பக்கம் முழுக்கக் கூடாரத் துணியும் கம்பும் பாயும் அடைத்துக்கொண்டன. துப்பாக்கிக்கு இடமில்லை. பாபாவே அதைக் கொண்டுவந்து பின் சீட்டின் காலடியில் நீளவாக்கில் வைத்தார். சீட்டில் பாதியைத் தேக்சாக்கள் பிடித்திருந்தன. பானுமதி மீதியில் ஒடுங்கி உட்கார்ந்து, பேரீச்சம்பழமும் ஜூஸும் வைத்த துணிப்பையைக் காலடியில், அந்த உறையின் மேலேயே வைத்தாள். வேறு எங்கே வைப்பாள்?

பொழுது சாய்கிற நேரம். பாபா கதவில் சாய்ந்து தூங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். மழைக்கு நடுவில் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது.

ஓரம் கட்டினான். விளக்கு. கண்ணாடி. கை. எல்லாம் கச்சிதம்.

வந்தவன் மீசை முளைத்தும் முளைக்காத பையன். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் வழிந்தது. சோலைமுத்து ஒப்பித்தான். துப்பாக்கி இருக்கு, பாபாவோடது, லைசென்ஸ் பாபாகிட்ட.

"எங்கே?"

பின்னாடி என்று சொல்லிப் பழகிய வாய், ஒரு கணம் திக்கியது. பிறகு உள்ளதைச் சொன்னான். "அந்த அம்மா காலுக்குக் கீழ."

பையன் பின்னால் துள்ளினான். அவன் தோளில் கிடந்த துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது. அசையாதே, அசையாதே என்று கத்தினான். அங்கிருந்தபடியே வயர்லெஸ்ஸில் யாரையோ கூப்பிட்டான். சாலைக்கு அந்தப் பக்கம் வேறொரு வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த, அவனுக்கு மேலே உள்ள பெரியவர் வரவேண்டும் போலிருக்கிறது. பானுமதி தானாகவே இரண்டு கையையும் முன் சீட்டின் முதுகில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பார்த்தாள். அந்தக் குளிரில் பாபாவின் பிடரியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"பானு," என்றான் சோலைமுத்து, திரும்பாமல். "பாபா மூச்சு ஒரு மாதிரி இழுக்குது."

"பாத்துட்டேன்."

"பழத்த எடு."

"பை துப்பாக்கி மேல இருக்குய்யா. குனிஞ்சா என்னன்னு நெனப்பான்?"

சோலைமுத்து ஜன்னல் பக்கம் வாயைத் திருப்பிக் கத்தினான். பாபாவுக்குச் சர்க்கரை, பாபாவுக்கு உடம்பு சரியில்லை, சாப்பிட ஏதாவது கொடுக்கவேண்டும் என்றான். அரபியில் தெரிந்தது, இந்தியில் தெரிந்தது, எல்லாவற்றையும் கொட்டினான். மழை அடித்துக்கொண்டிருந்தது. பையனுக்கு எது காதில் விழுந்ததோ, "வாயை மூடு! கையை அசைக்காதே!" என்று திருப்பிக் கத்தினான்.

பாபாவின் தலை கதவை விட்டுச் சரிந்து நெஞ்சில் தொங்கியது. தொண்டையில் கொறட்டை மாதிரி ஒரு சத்தம்.

"நான் எறங்கிப் போறேன் பானு."

"எறங்காத."

"கையெடுத்துக் கும்புட்டு, கால்ல விழுந்து சொல்றேன். எந்த ஊருப் போலீசா இருந்தாலும் கால்ல விழுந்தவன ஒண்ணும் செய்ய மாட்டான். நான் பாத்திருக்கேன்."

"அது நம்ம ஊருய்யா! இவன் கையப் பாரு, எப்புடி நடுங்குதுன்னு பாரு. கதவத் தொறந்தா சுட்டுருவான்."

"பாபா செத்துருவாரு புள்ள. நமக்குச் சோறு போட்ட மனுசன். கண்ணு முன்னாடி..."

"உக்காரு."

"பானு..."

"உக்காருன்னேன்ல! எது நடந்தாலும் அசையாத. எம் புள்ளைக மேல சத்தியம்."

அவன் உட்கார்ந்தான். காலமெல்லாம் போலீஸைக் கண்டு எழுந்து ஓடிய மனுசன், அன்றைக்கு, ஓடவேண்டிய அந்த ஒரு நாளில், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு உயிர் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. பானுமதியின் கால் கட்டைவிரலில் பேரீச்சம்பழப் பை உரசிக்கொண்டிருந்தது. அவளும் குனியவில்லை.

ஒருவழியாக வந்து சேர்ந்த பெரியவர் நிதானமான ஆள். டார்ச்சை அடித்து ஒரு பார்வை பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பையனை அதட்டிவிட்டுக் கதவைத் திறந்து பாபாவைத் தாங்கினார். பானுமதி பாய்ந்து ஜூஸை வாயில் ஊற்றினாள். உள்ளே போகவில்லை, தாடியில் வழிந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. லைசென்ஸ் அட்டை பாபாவின் உள்பையில்தான் இருந்தது, ஒரு குறையும் இல்லாமல். பெரியவர் அதைப் பார்த்துவிட்டுச் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

மறுநாள் மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பாபா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்த கூட்டத்துக்குப் பானுமதிதான் காவா என்கிற அரபிக் காப்பி காய்ச்சினாள். பித்தளைக் கெண்டியில் ஊற்றி ஊற்றி அனுப்பிக்கொண்டே இருந்தாள். தட்டுத் தட்டாகப் பேரீச்சம்பழம் வைத்தாள். ஒவ்வொரு பழத்தைத் தொடும்போதும் அவளுக்குக் கை எரிந்தது. சோலைமுத்து வாசலில் செருப்புகளை ஒழுங்குபண்ணிக்கொண்டு கிடந்தான். அறைக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்தான். அவள் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

துக்க நாள் கழிந்ததும் மாமா பானுமதியை உள்ளே கூப்பிட்டாள். அழுது அழுது முகம் வெளுத்திருந்தது. சாலிம் பக்கத்தில் நின்றான்.

"பழம் எங்கே இருந்தது, பானு?"

"என் காலடியில மாமா."

"நீ பார்த்தாயா, அவருக்கு வேர்த்ததை?"

"பாத்தேன்."

"போலீஸ்காரன் உன்னையும் அசையாதே என்றானா?"

டிரைவரைத்தான் சொன்னான் என்று பானுமதிக்குத் தோன்றியது. எல்லாரையும் சொன்னான் என்றும் தோன்றியது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியல மாமா. எம் புருசனச் சுட்டுருவானோன்னு பயந்துட்டேன்."

மாமா அடிக்கவில்லை, வையவில்லை. "எனக்கும் அவர் புருசன்தானே," என்றாள். அப்புறம் கையை நீட்டி, பானுமதி இடுப்பில் செருகியிருந்த அடுப்படிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

சாலிம் புகார் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சாகவிட்டான் என்று புகார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து சோலைமுத்துவைக் கூட்டிப்போனார்கள். செய்கு முகம்மது தெரிந்த ஆளையெல்லாம் பிடித்துப் பார்த்தார். "கபீல் வீட்டு ஆளே எதிரா நிக்கிறப்ப யாரு பேசுவா தங்கச்சி? விசாரணை எப்ப முடியும்னு அவங்களுக்கே தெரியாது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பானுமதிக்கு விசாவை ரத்து செய்து டிக்கெட் போட்டுவிட்டார்கள். அவள் மாமா காலில் விழுந்தாள். நான் இங்கேயே கிடக்கிறேன், கக்கூஸ் கழுவுகிறேன், அவர் வெளியே வரும் வரைக்கும் இருக்கவிடுங்கள் என்றாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உன்னைப் பார்த்தால் எனக்கு அவர் வேர்வைதான் ஞாபகம் வருகிறது," என்றாள்.

ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் சாலிமின் புது டிரைவர், ஒரு மலையாளி, பரிதாபப்பட்டு ஸ்டேஷனில் நிறுத்தினான். பெரிய மனது பண்ணிக் கொஞ்ச நேரம் பார்க்கவிட்டார்கள்.

சோலைமுத்து வராந்தா பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு போலீஸ்காரர் அவனைக் கடந்து போனார். அவன் முதுகு தானாக வளைந்தது.

"மாமா," என்றாள் பானுமதி. வந்த புதுசில் விட்டதற்கப்புறம் அவனை அப்படிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உக்காரு மாமா. காலு இப்புடி வீங்கிக் கெடக்கு."

"போலீசு அங்கிட்டும் இங்கிட்டும் போய்க்கிட்டே இருக்காக. எப்புடி உக்கார்றது?"

"உக்காரச் சொல்லித்தான பெஞ்சு போட்டிருக்கு."

"வேணாம். நிக்கிறதே நல்லாருக்கு."

புள்ளைகளிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். அப்பா டூட்டியில் இருக்கிறார் என்று சொல்லச் சொன்னான். வேளாவேளைக்குச் சாப்பிடு என்றாள். சரி என்றான். மலையாளி வெளியே ஹாரன் அடித்தான்.

"அன்னைக்கு நான் எறங்கியிருக்கணும் பானு."

"எறங்கியிருந்தா உன்னையச் சுட்டிருப்பான் மாமா."

"ஆமா," என்றான் சோலைமுத்து. "சுட்டிருப்பான்."

அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் ஓர் அதிகாரி உள்ளே வந்தார். அவன் கையை இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஒடுங்கி, சுவரோரம் நகர்ந்து நின்றான். வண்டியில் ஏறித் திரும்பிப் பார்த்தபோதும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் பெஞ்சு காலியாகக் கிடந்தது.